வால்யூமைக் குறைக்கச் சொன்ன ராஜா

கருகினது ஒரே ஒரு நாள்தான் மேடம். மனுவுல எத்தனை நாள்னு எழுதியிருக்கு? தினமுமா? அடப்பாவி. தினமும் கருகினா நூத்தி அறுபது பிள்ளைக தட்டைத் தூக்கிக்கிட்டு ரெண்டாவது வாட்டி வருமா? அந்த ஒரு நாள் சாம்பார் சாதம் அடிப்பிடிச்சது நெசம். ஒத்துக்கிடுறேன். ராணியை ஏழாவது ரூமுக்குள்ள தள்ளின அன்னைக்கு அது. அன்னைக்கு யாரு கிண்டிக்கிட்டு இருந்தாலும் அடிப்பிடிச்சிருக்கும்.

நீங்க சத்துணவு ஆபீசுல இருந்து பள்ளிக்கூடத்துச் சோத்தைப் பாக்க வந்தவுக, ராணி கதை எதுக்குன்னு நினைக்கிறீங்க. ராணியைச் சொல்லாம சோத்தைச் சொல்ல முடியாது மேடம். முட்டை இப்பத்தான் போட்டிருக்கு. வேகிறதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

அதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கிடுறேன். மனு போட்டது யாரு? கீழ என்ன எழுதியிருக்கு? 'பொதுமக்கள்'னா? சரி. உள்ள எங்கேயாச்சும் 'என் மனைவி'ன்னு வருதா பாருங்க. வருதா? ரெண்டு இடத்துல வருதா? ஏன் மேடம், பொதுமக்கள் அத்தனை பேருக்குமா நான் பொண்டாட்டி?

அது எங்க வீட்டுக்காரருதான். தவசிலிங்கம்னு பேரு. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, எல்லாத்துக்கும் ரேடியோ செட்டு போடுவாரு. 'தவசி சவுண்ட் சர்வீஸ்'னா இந்த ஊருல சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தங்கமான மனுசன் மேடம். அதை முதல்ல எழுதிக்கிடுங்க. குடிக்க மாட்டாரு. சீட்டாட மாட்டாரு. கை மட்டும் கொஞ்சம் முந்திக்கிடும். அதுவும் அவரு குத்தமில்லை, தொழில் அப்படி. நாள் முழுக்க ஸ்பீக்கருக்குப் பக்கத்துல நின்னுட்டு வீட்டுக்கு வந்தா, நான் "சாப்பிட வாங்க"ன்னு சொல்றதே அவருக்கு ஊளை விடுற மாதிரி இருக்குமாம். "வால்யூமைக் குறைடி"ம்பாரு. நான் குறைச்சுக்கிடுவேன். பத்தொம்பது வருசத்துல எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைச்சாச்சு.

அவருக்கு ஏதாச்சும் வேணும்னா ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுவாரு. மைக்கு டெஸ்ட் பண்ணுவாருல்ல, அதே ராகம். மூணுக்குள்ள வந்து நிக்கணும். வந்து நின்னா ஒண்ணும் இல்லை. அடுப்பு மேல பால் இருந்துச்சு, இடுப்பு பிடிச்சிருச்சுன்னு நின்னா, மூணுக்கு அப்புறம் கை. பிள்ளைகுட்டி இல்லை. அதுக்கும் நான்தான் காரணம்பாரு. டாக்டரு வேற மாதிரி சொன்னாரு. டாக்டருக்கு என்ன தெரியும், எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாததா?

சரி, ராணி கதைக்கு வாரேன்.

இந்தச் சன்னல் இருக்குல்ல, இதுக்கு அந்தப் பக்கம் ஒம்பதாம் வகுப்பு. ஜெபராணி டீச்சர்தான் தமிழ். இந்த வருசம்தான் மாத்தலாகி வந்தாக. மூணாவது பீரியடு அவுகளோடது. எனக்கு அப்பதான் கிண்டுற வேலை. கை கிண்டும், காது சும்மாதானே இருக்கு? ஆடி மாசம் ஒரு நாடகம் எடுத்தாக. பழைய மேடை நாடகமாம். வசனம் பாதி எனக்குப் புரியாது, ஆனா டீச்சர் ஒவ்வொரு வரியும் வாசிச்சு நம்ம பேச்சுல சொல்லுவாகளா, அது புரிஞ்சிரும்.

ஒரு ராஜா. விக்கிரமகேதுன்னு பேரு. அவனுக்கு ஒரு ராணி, செண்பகவடிவு. ஒரு நாள் அரண்மனை வாசல்ல கிளி விக்கிறவன் ஒருத்தன் வாரான். கிளி என்னமோ சொல்லுது, ராணி சிரிச்சிர்றா. அம்புட்டுத்தான் மேடம். சிரிச்சா. அது ராஜா காதுல விழுந்துருச்சு. யாரைப் பாத்துச் சிரிச்சேன்னு கேக்கான். கிளியைப் பாத்துங்கிறா. நம்பலை. அரண்மனையில ஏழு கட்டு. முதல் கட்டுல இருன்னான். அங்க இருந்து காத்து வருதாம், ரெண்டாவது கட்டுக்குப் போன்னான். அங்க வெளிச்சம் வருதாம், மூணாவதுக்குப் போன்னான். இப்படியே ஏழாவது ரூம் வரைக்கும் தள்ளிட்டான். ஏழாவதுல சன்னலே கிடையாது.

நான் இங்க நின்னு திட்டிக்கிட்டே கிண்டுவேன். "கட்டையில போறவனே, கிளியைக் கேக்க வேண்டியதுதானே"ம்பேன். பேச்சியக்கா, அந்தா முட்டைகிட்ட நிக்கிறாகளே, பெரிய சமையல்காரவுக, அவுக கேப்பாக, "யாரை ஏசுற குருவு?" "ராஜாவை"ன்னு சொல்லுவேன். "நல்லா ஏசு"ம்பாக.

அடிப்பிடிச்ச அன்னைக்கு என்னாச்சுன்னா, டீச்சர் வாசிக்காக: "ஏழு கதவுக்கும் பூட்டு இல்லை. என் வாக்கே பூட்டு." ராஜா சொல்றது. அதாவது எல்லாக் கதவும் திறந்துதான் கிடக்கு மேடம்! இவ உள்ள உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா! எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம், கரண்டியைப் போட்டுட்டுச் சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "ஏ கூறுகெட்டவளே, கதவு திறந்துதானே கிடக்கு, எந்திரிச்சு வெளிய போ!"ன்னு கத்திட்டேன். பத்தொம்பது வருசத்துல அவ்வளவு சத்தமா நான் பேசினதே இல்லை.

கிளாசே சிரிக்குது. டீச்சர் சிரிக்கலை. என்னைப் பாத்தாக, பிள்ளைகளைப் பாத்தாக. "அக்கா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. கதவு திறந்திருக்கு. ஏன் போகலை?"ன்னாக.

ஒவ்வொண்ணா எந்திரிச்சுச் சொல்லுதுக. எங்க போவா? நாலு பேரு என்ன பேசுவாக? அப்பா வீட்டுக்குப் போனா அவுக சேக்க மாட்டாக. ராஜா மத்தபடி நல்லவருதானே? கோவம் தணிஞ்சா சரியாயிரும். இவளும் சிரிச்சிருக்கக் கூடாது. எல்லாத்தையும் டீச்சர் போர்டுல எழுதினாக. நான் இங்க நின்னு ஒவ்வொண்ணுக்கும், "இதெல்லாம் ஒரு காரணமா?"ன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். ஆனா ஒண்ணு மேடம், அதை எல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரியே இருந்துச்சு. எங்கன்னுதான் பிடிபடலை.

அப்பத்தான் காளீஸ்வரின்னு ஒருத்தி, பட்டாசுக் கம்பெனியில வேலை பாக்குறவுக மக, வாயாடி, சன்னல் பக்கம் திரும்பி, "அக்கா, உங்க கன்னத்துல என்ன?"ன்னா. குண்டான் மூடி பட்டுருச்சுன்னேன். "நேத்து கண்ணுக்குக் கீழ?" அதுவும் மூடிதான்னேன். "எல்லா மூடிக்கும் அஞ்சு விரலு இருக்காக்கா?"ன்னா. டீச்சர் "காளீஸ்வரி, உக்காரு"ன்னாக. அதுக்குள்ள பின்னாடி சாம்பார் வாடை. அம்புட்டுத்தான், கருகின கதை அதுதான். எழுதிக்கிட்டீங்களா?

அப்புறம் டீச்சர் ஒரு வேலை பண்ணினாக. இந்த நாடகத்தை ஆண்டு விழாவுல போடுவோம்னுட்டாக. போட்டதும் நேராப் போடலை. காளீஸ்வரியை ராஜாவாக்கிட்டாக. ராணி யாரு தெரியுமா? சரண்ராஜ். அந்தக் கிளாசுலயே பெரிய ரவுடிப்பய. போற பொம்பளைப்பிள்ளைக சடையை இழுக்கிறவன். "நான் ராணியா? போங்க டீச்சர்"னு குதிச்சான். "நடிக்கத் தெரியாதுன்னா விட்டுரு"ன்னாக டீச்சர். அவனுக்கு ரோசம் வந்துருச்சு.

மூணு நாள் ஒத்திகை. ராஜா வசனம் பக்கம் பக்கமா இருக்கு. காளீஸ்வரி கத்துறா, குதிக்கிறா, அவனைச் சுத்திச் சுத்தி வாரா. சரண்ராஜுக்கு ஒம்பது வசனம். ஒம்பதும் "சுவாமி". அவ்வளவுதான். "சுவாமி". மூணாவது நாள் அந்தப் பய தலையில போட்டிருந்த தாவணியை உருவி எறிஞ்சுட்டு, மூஞ்சி செவந்துபோயி, "டீச்சர், இவ இவ்வளவு பேசுறா, நான் திருப்பிப் பேச எனக்கு வசனமே கிடையாதா?"ன்னு கேட்டான். கண்ணுல தண்ணி நிக்கி மேடம் அவனுக்கு. டீச்சர் மெதுவா, "புத்தகத்துல இல்லை. நீங்களே எழுதுங்க"ன்னாக.

கடைசியும் மாத்தணும்னுதுக பிள்ளைக. பழைய கடைசியில வானத்துல இருந்து ஒரு குரல், ராணி குத்தமில்லாதவன்னு சொல்லும். உடனே ராஜா, "உன்னை மன்னித்தேன்"பான். ராணி அவன் காலுல விழுவா. திரை. ஏன் மேடம், குத்தமே பண்ணாதவளை அவன் எதுக்கு மன்னிக்கிறான்? நான் கேட்டேன். பிள்ளைகளும் அதைத்தான் கேட்டுச்சுக.

மறுநா சாப்பாட்டு மணிக்கு நாலஞ்சு பிள்ளைக சன்னலுக்கு வந்துச்சு. "அக்கா, ராஜா வசனத்தை நம்ம பேச்சுல எழுதணும். ராஜாவுக்குக் கோவம் வந்தா எப்படிப் பேசுவாரு?" நமக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக் குடுத்தா என்ன குறைஞ்சு போகுது? சொன்னேன். "முதல்ல, வால்யூமைக் குறைடிம்பாரு." பிள்ளைக முழிக்குது. "ராஜா காலத்துல வால்யூம் ஏதுக்கா?" "அப்பன்னா எப்படிச் சொல்லுவாரு? ஆம்பளைகன்னா அப்படித்தானே சொல்லுவாக?"ன்னு நான் கேக்கேன். நெசமாவே கேட்டேன் மேடம். எல்லா வீட்டுலயும் அப்படித்தான் சொல்லுவாகன்னு நான் நினைச்சிருந்தேன். பேச்சியக்கா தேங்கா திருகிக்கிட்டு இருந்தவுக அப்படியே நிறுத்திட்டாக. "எங்க வீட்டுல அப்படிச் சொன்னதில்லை குருவு"ன்னாக.

அப்புறம் மூணு எண்ணுறது சொன்னேன். "யாரு வீட்டுச் சோத்தைத் திங்கிற" சொன்னேன். "உன் மூஞ்சியைப் பாத்தா வயரு கூட ஷார்ட் ஆகும்" சொன்னேன். காளீஸ்வரி வேகவேகமா எழுதுறா. ஒரு நோட்டு முழுக்க ஆயிருச்சு. "ராணி என்னக்கா பதில் சொல்லுவா?"ன்னு கேட்டா. "அதை நீங்களே எழுதிக்கிடுங்க"ன்னுட்டு முட்டை உரிக்கப் போயிட்டேன்.

ஆண்டு விழாவுக்கு ரேடியோ செட்டு யாரு? எங்க வீட்டுக்காரருதான். பள்ளிக்கூடத்துக்குன்னா வாடகையில பாதிதான் வாங்குவாரு, நல்ல மனுசன். சாயங்காலம் நாலு மணி. பந்தலு போட்டு, தெருவே வந்து உக்காந்திருக்கு. எங்க தெருப் பொம்பளைக எல்லாம் முன்னால. அவரு மேடைக்குப் பக்கத்துல ஆம்பிளிபயரு வச்சுக்கிட்டு, சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு, ராஜா மாதிரி உக்காந்திருக்காரு. நான் மேடைக்குப் பின்னாடி பிள்ளைகளுக்குத் தண்ணி குடுத்துக்கிட்டு நிக்கேன்.

நாடகம் ஆரம்பிச்சுச்சு. ஏழு சோடிப் பிள்ளைக கையைக் கோத்துக்கிட்டு ஏழு கதவா வரிசையா நிக்குதுக. காளீஸ்வரி மீசை வச்சு, கிரீடம் வச்சு, ஒட்டுத் துணியில சால்வை போட்டு வாரா. சரண்ராஜு என் சேலைதான் கட்டியிருந்தான், பச்சைச் சேலை. ராணி சிரிச்சா. ராஜா திரும்பினான். காளீஸ்வரி மைக்கைப் பிடிச்சு, அடித்தொண்டையில, "வால்யூமைக் குறைடி!"ன்னா.

முதல்ல எங்க தெருப் பொம்பளைகதான் சிரிச்சாக. எங்க வீட்டுச் சுவரும் அவுக வீட்டுச் சுவரும் ஒரே சுவரு பாருங்க. அப்புறம் பந்தலே சிரிச்சுச்சு. எங்க வீட்டுக்காரரும் சிரிச்சாரு மேடம்! நல்ல வசனம்னு நினைச்சிருப்பாரு. "யாரு வீட்டுச் சோத்தைத் திங்கிற?"ன்னா காளீஸ்வரி. அவரு சிரிப்பு பாதியாச்சு. "உன் மூஞ்சியைப் பாத்தா வயரு கூட ஷார்ட் ஆகும்"னா. சனம் எல்லாம் மேடையை விட்டுட்டு ஆம்பிளிபயரைத் திரும்பிப் பாக்குது. அவரு மூஞ்சியில சிரிப்பு இல்லை.

நான் என்ன பண்ணுவேன்? ராஜா எப்படிப் பேசுவாருன்னு கேட்டாக, சொன்னேன். வேணும்னேயா பண்ணுவேன்? இல்லை மேடம், அந்த மாதிரிப் பாக்காதீங்க.

அப்புறம் ராஜா ஏழாவது ரூமுக்குள்ள நின்னு, "மூணு எண்ணுவேன். அதுக்குள்ள வந்து என் காலுல விழணும்"னா. அந்த நேரம் பாத்து டப்புன்னு மைக்கு செத்துப் போச்சு. அவரு நிறுத்திட்டாரு. ஒரு நொடி காளீஸ்வரி மைக்கைப் பாத்தா. பிறகு அதைக் கீழ வச்சுட்டு, வெறும் தொண்டையில, "ஒண்ணு!"ன்னா.

மைக்கு இருந்தப்போ கசமுசன்னு பேசிக்கிட்டு இருந்த சனம் இப்ப கப்சிப். நல்லாக் கேக்கணும்னு முன்னால சாயுது.

சரண்ராஜு எந்திரிச்சான். ராஜா பக்கம் வரலை. எதிர்ப்பக்கமாத் திரும்பி, வெளிய போற வழியில முதல் கதவுக்கு நேரா நடந்தான். அந்தப் பிள்ளைக கையை எடுத்துச்சுக. "ரெண்டு!"ன்னா காளீஸ்வரி. ரெண்டாவது கதவைத் தாண்டிட்டான். "மூணு!" மூணாவதும் தாண்டியாச்சு. ராஜாவுக்கு மூணுக்கு மேல எண்ணத் தெரியாதுல்ல, அப்படியே வாயைத் திறந்துக்கிட்டு நிக்கா. அப்ப ராணி திரும்பிப் பாக்காமயே, "நாலு"ன்னான்.

"அஞ்சு." கதவு திறக்குது. முன்னால உக்காந்திருந்த சின்னப்பிள்ளைக சேந்து "ஆறு"ன்னுச்சுக. எங்க தெருப் பொம்பளைக சேந்து "ஏழு"ன்னாக. அவன் மேடைப் படியில இறங்கி, பச்சைச் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, சனத்துக்கு நடுவுல நடந்து கேட்டுக்கு வெளிய போயிட்டான். அவ்வளவுதான் நாடகம். காலுல விழவும் இல்லை, வானத்துல குரலும் இல்லை.

கைதட்டு அடங்கலை. நான் தண்ணிக் குடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். என் சேலை வெளிய போறதை நான் அப்பத்தான் முதமுதல்ல பாக்கேன் மேடம்.

அவரு பின்னால வந்தாரு. சத்தமே போடலை. சத்தம் போடாம இருந்தாத்தான் எனக்குப் பயம். பல்லைக் கடிச்சுக்கிட்டு, "வீட்டுக்கு நட"ன்னாரு. நான் நகரலை. நகரக் கூடாதுன்னு இல்லை, கையில குடம் இருந்துச்சு. "ஒண்ணு"ன்னாரு.

மீசையும் கிரீடமுமா காளீஸ்வரி பக்கத்துல நிக்கா. கதவா நின்ன பிள்ளைக எல்லாம் நிக்குதுக. "ரெண்டு"ன்னு அதுக சொல்லுச்சுக. அவரு இல்லை, பிள்ளைக. "மூணு"ன்னுச்சுக. "நாலு"ன்னுச்சுக. அவரு கை பாதி தூக்கினது தூக்கினபடி இருக்கு. பதினாலு பிள்ளைக முன்னால, ஒரு மீசை வச்ச பொட்டச்சி முன்னால, எப்படி அடிப்பாரு? ஜெபராணி டீச்சர் வந்து எனக்கும் அவருக்கும் நடுவுல நின்னுக்கிட்டு, "தவசி அண்ணே, கையை இறக்குங்க"ன்னாக. ரொம்ப மரியாதையாச் சொன்னாக. இறக்கினாரு. நேராப் போயி வயரைச் சுருட்டி, ஸ்பீக்கரை எல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. அதனால எட்மாஸ்டர் பேச்சு ஒருத்தருக்கும் கேக்கலை. அதுல யாருக்கும் வருத்தம் இல்லை.

அன்னைக்கு விழா முடிஞ்சதும் பேச்சியக்கா, "என் வீட்டுக்கு வா"ன்னாக. போனேன். மறுநா வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்னு இருந்தேன். மறுநா டீச்சர் என்னைக் கூட்டிக்கிட்டு மகளிர் போலீஸ் ஸ்டேசனுக்குப் போனாக. அங்க ஒரு அம்மா எழுதினாக. எத்தனை வருசமான்னு கேட்டாக. பத்தொம்பதுன்னேன். "இவ்வளவு நாளா ஏன்மா வரலை?"ன்னாக. நானும் சொல்லத்தான் ஆரம்பிச்சேன், எங்க போவேன், நாலு பேரு என்ன பேசுவாக, மத்தபடி நல்லவருன்னு. சொல்லிக்கிட்டு இருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துருச்சு மேடம். போலீசு ஸ்டேசன்ல உக்காந்து சிரிக்கேன். அந்தம்மா பயந்துட்டாக. போர்டுல எழுதினதை எல்லாம் முந்தி எங்க கேட்டேன்னு அப்பத்தான் பிடிபட்டுச்சு.

இப்ப மாவு மில்லுக்குப் பின்னால ஒரு ரூம் பிடிச்சிருக்கேன். ஒத்தை ரூம்தான், சன்னலு பெருசு. பாட்டு வைக்கிறேன். சத்தமாத்தான் வைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு நாள் வந்து குறைக்கச் சொன்னாக. குறைச்சேன். அவுக தயவுசெய்துன்னு சொன்னாக பாருங்க.

மனுவுல 'என் மனைவி குடும்பத்தை விட்டு ஓடிவிட்டாள்'னு எழுதியிருக்கா? அது தப்பு. நான் ஓடலை மேடம். வீட்டுக்குப் போகலை, அவ்வளவுதான். முப்பத்தெட்டு நாளாப் போகலை. 'ஆசிரியை நாடகம் சொல்லிக் குடும்பத்தைக் கெடுக்கிறார்'னு இருக்கா? டீச்சர் மேல ஒண்ணும் எழுதிராதீங்க. அவுக பாடத்தைத்தான் நடத்தினாக. கேட்டது நான். எனக்கு மெமோ குடுக்கிறதுன்னா குடுங்க, ஒரு நாள் கருகினதுக்கு. அது ஞாயம்.

முட்டை வெந்துருச்சு. இருந்து சாப்பிட்டுப் பாத்துட்டு எழுதுங்க. என்னது, வாக்குமூலமா? எழுதுங்களேன். பேரு குருவம்மாள். சமையல் உதவியாளர். வயசு நாப்பத்தொண்ணு. அங்க என்ன எழுதுறீங்க, பேருக்குப் பின்னால? க/பெ-ன்னா? கணவர் பேரா? கொஞ்சம் இருங்க மேடம். அந்த இடத்தைச் சும்மா விட்டுருங்க. இல்லை இல்லை, சும்மா விட்டா அவரு வந்து எழுதிக்கிடுவாரு.

ஒரு கோடு போட்டுருங்க.